வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவர்கள்

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு காலை

அன்புள்ள ராமு,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. மூன்று பக்கத்தில் இரண்டரைப் பக்கம் அமெரிக்கா மேல் கோபம். முழங்கால் வலிக்கு அரை வரிதான் மிஞ்சியிருக்கிறது. டாக்டர் என்ன சொன்னார், ஊசி போட்டாரா, மாடிப்படி ஏறுகிறாயா, ஒன்றும் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் முதலில் முழங்கால், பிறகு வாஷிங்டன்.

இங்கே ஒரு செய்தி. சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்சந்தில் நாம் ஐந்து வருடம் குடியிருந்த மாடி அறையை இடித்துவிட்டார்கள். கணினி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நாலு மாடியில் விடுதி வருகிறதாம். வீட்டுக்கார அம்மாவின் மகன், அதே மூக்கொழுகிப் பையன்தான், இப்போது அவனுக்கே பேரன் இருக்கிறான், சாமான் ஒழிக்கும்போது என்னைக் கூப்பிட்டான். அந்த அம்மா அலமாரித் தட்டுகளில் விரித்த தாள்கள் அப்படியே இருந்தன. மேல்தட்டில் உன் ரஷ்யப் பத்திரிகை ‘சோவியத் நாடு’, கீழ்த்தட்டில் என் அமெரிக்கப் பத்திரிகை ‘ஸ்பான்’. மேலே தலையில் துணி கட்டிய ஒரு பெண் கோதுமை வயலில் நின்று சிரிக்கிறாள்; அவள் கன்னத்தில் பருப்பு டப்பா நாற்பது வருடம் உட்கார்ந்த வட்டம். கீழே ஏதோ ஒரு விண்கலம், அதன்மேல் நல்லெண்ணெய்க் கறை. இரண்டு தாளும் கிழியவில்லை. பிரசாரத்துக்கு இரண்டு பேருமே நல்ல காகிதம்தான் போட்டிருக்கிறார்கள்.

சுவரில் அந்த எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்தேன். எத்தனையோ முறை வெள்ளையடித்துவிட்டார்கள், இல்லை. உனக்கு நினைவிருக்கிறதா?

1979 டிசம்பர் கடைசியில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனது. நீ தொலைபேசித் தொழிற்சாலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாய்: “காபூல் அரசாங்கமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறது.” நான் கேட்டேன், அழைத்த ஆப்கன் தலைவர் ஹஃபிசுல்லா அமீன் எங்கே? விருந்துக்கு வந்தவன் வந்த சில நாளிலேயே வீட்டுக்காரனைக் கொன்றுவிட்டு, தன்னோடு கூட்டி வந்தவனை நடுக்கூடத்தில் உட்கார வைத்து, “இவர்தான் என்னை அழைத்தார்” என்கிறானே. நீ பதில் சொல்லாமல் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாய். அடுத்த மாதம் ஐ.நா. பொதுச்சபையில், அந்நியப் படை வெளியேற வேண்டும் என்று 104 நாடுகள் கை தூக்கின. நான் அடுப்புக் கரியை எடுத்து உன் கட்டிலுக்கு மேலே 104 என்று எழுதினேன். நம் நாடு கை தூக்கவில்லை, நடுவில் நின்றுகொண்டது. அதை நான் எழுதவில்லை.

1983 அக்டோபர் 25 அன்று கிரெனடா. கரீபியன் கடலில் ஒரு லட்சம் பேர் இருக்கும் தீவு. அமெரிக்கப் படை இறங்கிய அந்த வாரம் நான் உன்னிடம் சொன்னது இது: “அண்டைத் தீவுகள் அழைத்தன. அந்த ஊர் கவர்னர் ஜெனரலே கடிதம் கொடுத்திருக்கிறார். அங்கே படிக்கிற அமெரிக்க மாணவர்களைக் காப்பாற்ற வேண்டாமா?” கவர்னர் ஜெனரலின் கடிதம் வெளியே வந்ததே படை இறங்கிய பிறகுதான் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் நீ சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டு அம்மா என்னவோ ஏதோ என்று மேலே வந்துவிட்டார். ஒரு வாரத்தில் ஐ.நா.வில் வாக்கெடுப்பு. நீ அதே கரியைத் தேடி எடுத்து 104க்குக் கீழே 108 என்று எழுதினாய். இத்தனை நாடுகள் எதிர்த்ததில் தன் காலை உணவு ஒன்றும் கெடவில்லை என்று அமெரிக்க அதிபர் ரேகன் சொன்னார். என் இரவு உணவு கெட்டது. அன்று வடைக்கும் காபிக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.

இந்த அழைப்புக் கடித விவகாரத்தில் உன் கட்சிக்கு ஈடு இணை கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1968இல் செக்கோஸ்லோவாகியாவுக்குள் டாங்கிகள் போவதற்குமுன் அந்நாட்டுக் கட்சித் தலைவர்கள் ஐந்து பேர் சோவியத் தலைவர் பிரெஷ்னேவுக்கு எழுதிக் கொடுத்தார்களே, அது பிராத்திஸ்லாவாவில் ஒரு கழிப்பறையில் கைமாறிய கடிதம். ஒருவர் உள்ளே போய் ரஷ்ய உளவுத்துறை ஆளிடம் கொடுத்துவிட்டு வந்தார். எழுதியது செக் மொழியில் அல்ல, ஸ்லோவாக்கில் அல்ல, ரஷ்ய மொழியில். பல ஆண்டுகள் மாஸ்கோவின் பெட்டகத்தில் கிடந்து, 1992இல் ரஷ்ய அதிபர் யெல்த்சின் அதை செக்கோஸ்லோவாகிய அதிபர் ஹாவெலிடம் கொடுத்த பிறகுதான் ஊர் பார்த்தது. ஒரு தேசத்தையே தாரை வார்க்கிற ஓலைக்கு இப்படி ஒரு மங்கல இடம்!

சரி, உன் கடிதத்துக்கு வருகிறேன். ஈரானில் ஃபோர்தோ, நத்தான்ஸ் அணு நிலையங்கள்மேல் அமெரிக்கா 2025 ஜூனில் குண்டு போட்டதை எழுதி, “ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை. இவர்களுக்கு உக்ரைனைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை?” என்று முடித்திருக்கிறாய். யோக்கியதை இல்லைதான். 2014இல் கிரைமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டபோது, இருபத்தோராம் நூற்றாண்டில் பொய்க்காரணம் சொல்லி இன்னொரு நாட்டுக்குள் புகுவதா என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி அங்கலாய்த்தார். இராக்குக்குப் படை அனுப்ப 2002இல் செனட்டில் கை தூக்கிய அதே கெர்ரி. 2022இல், இராக்குக்குப் படை அனுப்பிய முன்னாள் அதிபர் புஷ் ஒரு மேடையில் ரஷ்யாவைக் கண்டிக்கப் போய், “இராக் மீதான நியாயமற்ற, கொடூரமான படையெடுப்பு” என்று வாய்தவறிவிட்டு, உக்ரைன் என்று திருத்தி, “இராக்கும்தான்” என்று முணுமுணுத்தாரே, பார்த்தாயா? சபை சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ஆனால் ஈரானில் குண்டு விழுந்த மறுநாள் கிரெம்ளினில் ஈரானிய வெளியுறவு அமைச்சரை உட்கார வைத்துக்கொண்டு, எந்தத் தூண்டுதலும் இல்லாத ஆக்கிரமிப்பு என்று புதின் சொன்னார். உக்ரைன் விஷயத்தில் மேற்கத்தியர் ஓயாமல் சொல்லும் அதே சொல். உன் மூன்று பக்கத்தில் அதற்கு இடமில்லாமல் போய்விட்டது. பித்தளை இளிக்கிறது என்பதற்காக ஈயம் வெள்ளியாகிவிடாது, ராமு. ரஷ்யா அமெரிக்காவைப் பற்றிச் சொல்வது உண்மை, அமெரிக்கா ரஷ்யாவைப் பற்றிச் சொல்வதும் உண்மை; சொல்கிறவன் திருடன் என்பதால் சாட்சி பொய்யாகிறதா? நானும் நீயும் அந்த அறையில் ஐந்து வருடம் செய்தது, ஒரு திருட்டைக் காட்டி இன்னொரு திருட்டைக் கழுவியதுதான். காபூலுக்குப் பதில் வியட்நாம், வியட்நாமுக்குப் பதில் ஹங்கேரியின் புடாபெஸ்ட். புடாபெஸ்ட்டில் செத்தவனுக்கு வியட்நாமால் என்ன லாபம்?

காலையில் ஏரிக்கரையில் நடக்கும்போது மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற ராணுவப் பொறியாளர் படையின் முகாமைத் தாண்டித்தான் போகிறேன். தம்பிகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். அந்தப் படையில்தான் தாத்தா இருந்தார், உனக்குத் தெரியும். அவர் ‘பஸ்ரா’ என்று சொன்னது மெசபடோமியா முழுவதையும், அதாவது இன்றைய இராக்கை. 1917 மார்ச்சில் பாக்தாத்துக்குள் நுழைந்த ஆங்கிலேய ஜெனரல் மாட், நாங்கள் வெற்றி கொள்ள வரவில்லை, விடுதலை தர வந்திருக்கிறோம் என்று அறிக்கை விட்டார். தாத்தா அந்த அறிக்கையைப் பார்த்ததில்லை, பார்த்திருந்தாலும் படிக்கத் தெரியாது. டைகிரிஸில் படகுப் பாலம் கட்டியதைத்தான் சொல்வார். “கரையில் சனங்கள் நின்று பார்த்தார்கள். ஒருவரும் வா என்று சொல்லவில்லை” என்பார், வெற்றிலையை மென்றுகொண்டே. எண்பத்தாறு வருடம் கழித்து, 2003இல், அதே பாக்தாத்தில் அமெரிக்கர் வாயில் அதே பேச்சு.

நம் நாட்டைப் பற்றியும் கேட்டிருந்தாய், “நாமாவது ஒழுங்கு” என்று. 1956இல் சூயஸுக்காக ஆங்கிலேயரையும் பிரெஞ்சுக்காரரையும் நேரு உடனே கண்டித்தார். அதே வாரத்தில் ஹங்கேரியில் சோவியத் டாங்கி ஓடியபோது தொண்டை கட்டிக்கொண்டது. அங்கே ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் வேண்டும் என்ற தீர்மானத்தைக் கம்யூனிஸ்டு அல்லாத நாடுகளில் எதிர்த்தது நாம் மட்டும்தான். இது தூரத்துக் கதை. கிட்டத்துக் கதை யாழ்ப்பாணம்.

1987 ஜூன் 4 அன்று யாழ்ப்பாணத்தின்மேல் அரிசியும் பருப்பும் போடப் போன ஐந்து விமானங்களும் இங்கே பெங்களூரிலிருந்துதான் கிளம்பின, கூடவே காவலுக்கு மிராஜ் போர் விமானங்கள். கேட்காமல் கொள்ளாமல் இன்னொரு நாட்டு வானத்தில் நுழைந்தோம், கொழும்பு கத்தியது, மனிதாபிமான உதவி என்றோம். பசித்தவர்கள் இருந்தது நிஜம். ஜூலை 29 அன்று ஒப்பந்தம், இந்த முறை முறையான அழைப்போடு அமைதிப்படை. அக்டோபரில் யாருக்காகப் போனோமோ அவர்களோடே சண்டை. தீபாவளியன்று யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நம் சிப்பாய்கள் நுழைந்தார்கள். மருத்துவர்கள், செவிலியர், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சண்டைக்கு நடுவில் சிக்கிக்கொண்டார்கள் என்று நம் தரப்பு சொன்னது. அந்த வாக்கியத்தை நாம் அதற்குமுன் எத்தனை நாட்டு வாயிலிருந்து கேட்டிருக்கிறோம்! 1989 ஜூலைக்குள் கிளம்புங்கள் என்று இலங்கை அதிபர் பிரேமதாசா சொல்லியும், கடைசிச் சிப்பாய் கிளம்பியது 1990 மார்ச்சில். ஏறத்தாழ 1,200 பேரைப் பறிகொடுத்துவிட்டு. சென்னையில் இறங்கியவர்களை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. அதற்காக அவர்மேல் அன்று எனக்கு வந்த கோபம் இன்றைக்கு இல்லை. அந்தச் சிப்பாய்களை நினைத்தால் மட்டும் இன்னும் என்னவோ செய்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். அந்த ஜூன் 5 காலை, பத்திரிகையைப் பார்த்துவிட்டு நான் பஜார் தெருவில் அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கி சந்து முழுக்கக் கொடுத்தேன். கொழும்பு கத்துகிறது என்று ஒருவன் சொன்னபோது, “கத்தட்டும்” என்றேன். அதற்குள் நீ மாற்றலாகித் தஞ்சாவூர் போய்விட்டாய். அங்கே நீ என்ன செய்தாய்? நீயும் இனிப்பு வாங்கினாயா? உன் அந்த வாரக் கடிதத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை.

எனக்கு அடுத்த செவ்வாய் வலக்கண்ணில் அறுவை. இரண்டு வாரம் எழுத முடியாது. கோதுமை வயல்காரியை உருட்டித் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன், மடித்துவிடாதே.

உன்,
கோபால்