கல்லட்டி ஏற்றத்தில் எனக்காக நின்றவர்களுக்கு

வணக்கம்.

நீலகிரியில் மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக, ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள தலைக்குந்தா வரை சைக்கிளில் ஏறிவிட்டேன். செய்தி தெரிந்த நாள் முதல் சொந்தக்காரர்களும் பள்ளித் தோழிகளும் பழைய மாணவர்களும் வாழ்த்திக்கொண்டே இருக்கிறார்கள். எல்லோருக்கும் அன்பு. ஆனால் அந்த வாழ்த்தில் பாதிக்கு மேல் போய்ச் சேர வேண்டியவர்கள் வேறு. அவர்களில் சிலருக்கு என் பெயர்கூடத் தெரியாது. அதனால்தான் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

அந்தச் சாலையில் போகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கல்லட்டி மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 36. அடியில் சீகூர் பகுதி. மலை மறைப்பதால் மழை குறைந்த முள்காடு, காலையிலேயே வெயில் சுடும். உச்சியைத் தாண்டினால் 2,240 மீட்டர் உயரத்து ஊட்டிக் குளிர். பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் எத்தனையோ விபத்துகள் நடந்த பாதை இது. அதனால்தான் வெளி மாவட்ட வண்டிகள் இந்த வழியாக இறங்கக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். நாங்களும் கோவையிலிருந்து ஊட்டி, கூடலூர், தெப்பக்காடு என்று சுற்றிக்கொண்டுதான் மசினகுடி போய்ச் சேர்ந்தோம். 2008இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரிஸ் சைக்கிள் பயணத்தில் பழகிய கால்களே அஞ்சும் ஏற்றம் இதுதான். நான் நாற்பதைத் தாண்டிய பிறகு சைக்கிளைத் தொட்ட அறிவியல் ஆசிரியை.

முதல் நன்றி மெக்கானிக் அண்ணனுக்கு. நானும் சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து 75 கிலோ. அதை ஆயிரத்து நூறு மீட்டர் உயர்த்த எட்டு லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். அந்தக் கணக்கை யாராலும் குறைக்க முடியாது. ஒரு மிதிக்கு எவ்வளவு என்று சின்னச் சின்னதாகப் பிரித்துக்கொள்ள மட்டுமே முடியும். என் சைக்கிளில் பின்சக்கரத்துப் பெரிய பல்சக்கரத்துக்கு 28 பல். அண்ணன் அந்தப் பல்சக்கர அடுக்கையே கழற்றிவிட்டு, பெரிய சக்கரத்துக்கு 34 பல் உள்ள அடுக்கைப் (கேசட்) போட்டார். முன்னாலும் 34 பல் என்பதால், பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் பின்சக்கரமும் சரியாக ஒரு சுற்று, இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். புதிதாக வாங்கினால் எனக்குக் கட்டுப்படியாகாது என்று அவருக்குத் தெரியும். நல்ல நிலையில் பழையது வரட்டும் என்று காத்திருந்து, நாலு பேரிடம் சொல்லிவைத்து வாங்கினார். சங்கிலியை நகர்த்திக் கியர் மாற்றும் கருவியையும் (டீரெய்லர்) அதற்கேற்ற நீளத்தில் தேடிப் பிடித்தார். சாமானுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். "டீச்சர், மலையில காலை நம்பாதீங்க, பல்லை நம்புங்க" என்றார். கல்லட்டியில் ஒவ்வொரு வளைவிலும் அந்தக் குரல் என் காதில் கேட்டது, அண்ணா.

முழங்காலின் முன்பக்க வலியோடு போனபோது, "சைக்கிளை நிறுத்துங்கள்" என்று சொல்லாத பிசியோதெரபிஸ்ட் அம்மாவுக்கும் நன்றி. என்னைச் சைக்கிளோடு வரச்சொல்லி, சுவரைப் பிடித்துக்கொண்டு மிதிக்கவைத்துப் பார்த்தார். சீட் தாழ்ந்திருந்தால் முட்டி அதிகம் மடங்கும், வலி முன்னால் வரும் என்று விளக்கி, ஒரு விரற்கடை உயர்த்தச் சொன்னார். வலி போய்விட்டது.

மருதமலை ஏற்றத்தில் விடியற்காலையில் பழகிய நாட்களில் எங்கள் வீட்டு அடுப்படி அத்தையின் கையில் இருந்தது. எழுபதைத் தாண்டியவர். நான் வீடு திரும்பும்போது பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டி, எனக்கு ராகிக் கூழ் கரைத்து வைத்திருப்பார். பக்கத்து வீட்டில் யாரோ ஏதோ கேட்டதற்கு, "எங்க பொண்ணு மலை ஏறப் போறா, அதுக்குத்தான்" என்று மட்டும் பதில் சொன்னாராம். மருமகள் என்று சொல்லவில்லை. அத்தை, இதை உங்களிடம் நேரில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் இங்கே எழுதுகிறேன்.

அன்று காலை மலையடிவாரத்தில் எங்களை நிறுத்திய வனத்துறை ஊழியருக்கு நன்றி. யானைகளின் வழித்தடம் என்று உச்ச நீதிமன்றமே 2020இல் உறுதிசெய்த பகுதி அது. கூட்டம் ஒன்று ரோட்டைக் கடக்கப் போகிறது, பொறுங்கள் என்றார். நாங்கள் எதையும் பார்க்கவில்லை. புதருக்குள் கிளை ஒடியும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் போகச் சொல்லும் வரை ஒருவரும் நகரவில்லை.

இனி ஓட்டுநர்களுக்கு. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் சைக்கிளை யார் வண்டியாக மதிக்கிறார்கள்? அன்று மதித்தார்கள். சைக்கிளுக்கு இடப்பக்கம் திரும்பும் வளைவுதான் கொடுமை. நம் பக்கம் உள்வளைவாகிவிடும். அங்கேதான் ரோடு சுவர் மாதிரி எழும்பி நிற்கும். வெளிவட்டமாக அகலச் சுற்றினால் சரிவு குறையும். ஆனால் அது எதிரே வருபவரின் பக்கம். மசினகுடி போகும் அரசுப் பேருந்தின் ஓட்டுநர் வளைவுக்கு மேலேயே வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, அகலமாகச் சுற்றி வரும்படி சைகை காட்டினார். பேருந்து நிறைய ஆட்கள். ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை. காய்கறி ஏற்றி வந்த பிக்கப் வண்டிக்காரர்கள் இருவரும் அப்படியே நின்றார்கள். ஹாரன்கூட அடிக்கவில்லை.

சாலைப் பணியாளர்களையும் சொல்ல வேண்டும். மழையில் உருண்ட சரளைக் கல்லை வளைவுகளிலிருந்து கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எழுந்து நின்று மிதிக்கும்போது பின்சக்கரத்தில் பாரம் குறையும். அடியில் ஒரு பிடி சரளை இருந்தாலும் சக்கரம் வழுக்கிச் சுழன்றுவிடும். அவர்கள் கூட்டிய வளைவுகளில் எனக்கு ஒருமுறைகூட வழுக்கவில்லை. யாருக்காகக் கூட்டுகிறோம் என்று தெரியாமலே அவர்கள் செய்த வேலை அது.

கூட வந்த தங்கைக்கு என்ன சொல்வது? என்னைவிட இருமடங்கு வேகத்தில் ஏறக்கூடியவள். தன் வேகத்தைவிட்டு மெதுவாக ஏறுவது எவ்வளவு சிரமம் என்று ஏறியவர்களுக்குத் தெரியும். கடைசிவரை என் பின்சக்கரத்துக்குப் பின்னாலேயே வந்தாள். ஒருமுறைகூட "இன்னும் கொஞ்சம்தான்" என்று பொய் சொல்லவில்லை. ஜீப் ஓட்டிய நண்பர் புகை என்மேல் படக்கூடாது என்று பின்னால் வராமல், முன்னே போய் இடமிருக்கும் வளைவுகளில் ஒதுங்கி, தண்ணீரோடு காத்திருந்தார்.

பாதிக்கு மேல் வந்தபின் ஒரு வளைவில் மூச்சு முட்டி நின்றுவிட்டேன். மலையில் நிற்பது சுலபம், மறுபடி புறப்படுவதுதான் கடினம். ஒரு காலைப் பெடலில் வைத்து அழுத்தி, மறு காலைத் தூக்குவதற்குள் சைக்கிள் பின்னால் உருளும். இரண்டு முறை முயன்றேன், சாய்ந்தது. தங்கைக்குத் தன் சைக்கிளைச் சாய்த்துவைக்க அங்கே இடமில்லை. அப்போது மேலிருந்து விறகுச் சுமையோடு இரண்டு பெண்கள் இறங்கி வந்தார்கள். ஒருவர் என் வயது, இன்னொருவர் இன்னும் மூத்தவர். சுமையை இறக்கி ரோட்டோரத்தில் வைத்தார்கள். அந்தச் சுமையை மறுபடி தலைக்கு ஏற்ற ஒருவருக்கொருவர் கைகொடுத்தாக வேண்டும். அது தெரிந்தே இறக்கினார்கள். மூத்தவர் சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்தார், மற்றவர் ஹேண்டில்பாரை. "ஏறும்மா, நாங்க பிடிச்சுக்கறோம்." இரண்டு கால்களையும் பெடலில் வைக்கும்வரை சைக்கிள் அசையவில்லை. பிறகு நாலு எட்டு கூடவே ஓடிவந்து தள்ளிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் விழுந்துவிடுவேன் என்பதால் சத்தமாக "நன்றிங்க்கா" என்று கத்தினேன். கேட்டதோ என்னவோ.

அதன்பிறகு முள்காடு மாறியது, தைல மரங்களின் வாசனை வந்தது, காற்று குளிர்ந்தது. கல்லட்டி ஊரில் தேநீர்க் கடை அம்மா, கேட்காமலே இரண்டு வர்க்கியைத் தட்டில் வைத்து, "மொதல்ல உக்காரு கண்ணு" என்றார். தலைக்குந்தாவில் கூடலூர் ரோட்டைத் தொட்டபோது மணி பார்க்கத் தோன்றவில்லை.

கல்லட்டிப் பக்கத்து ஊர்களில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஓர் உதவி செய்யுங்கள். மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருத்திக்குச் சைக்கிள் பிடித்துவிட்ட இரண்டு அக்காமார்களைத் தெரிந்தால், அவள் மேலே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று சொல்லிவிடுங்கள். அடுத்த விடுமுறையில் பேருந்தில் வந்து அவர்களைத் தேடுவதாக இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலை மருதமலை அடிவாரத்தில் இருப்பேன். என் வயதுப் பெண்கள் ஏறிப் பார்க்க விரும்பினால் 34 பல் போட்ட என் சைக்கிளை ஓட்டிப் பாருங்கள். சீட் உயரத்தைச் சரிசெய்ய ஸ்பேனர் என் பையில் இருக்கும். புறப்படும்போது பின்னால் பிடித்துக்கொள்ள நான் இருக்கிறேன்.

அன்புடன்,
கோவையிலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியை