நரைத்த தாடி பாசி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

கொடைக்கானல் சோலைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன், அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் கிளையில் நரைத்த தாடிபோல் தொங்குவதன் படத்துக்குக் கீழே 'மரப்பாசி' என்று போட்டிருக்கிறீர்கள். அது பூஞ்சையும் ஆல்காவும் கூடி வாழும் லைக்கன், பெயர் உஸ்னியா. ஓர் இழையை மெல்ல இழுத்தால் மேல்தோல் விண்டு, உள்ளே வெள்ளை நரம்பு ரப்பர்போல நீளும். இலையே இருக்காது. பக்கத்திலேயே தொங்கும் மாஸில், அதாவது பூக்காத அந்தச் சிறு தாவரத்தில், தண்டைச் சுற்றிப் பொடி இலைகள் தெரியும்.

குளத்தில் வழுக்குவதும் பாசி, கிணற்றுச் சுவரில் படிவதும் பாசி, மரத்தில் தொங்குவதும் பாசி. ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிடுவதால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பல ஆண்டுகள் தாவரவியல் நடத்தியவன் என்பதால் இது எனக்கு உறுத்துகிறது.

சோலையோரம் சாலைக்காக வெட்டிய மண்சுவரில் போகோநேட்டம் என்ற மாஸ் கூட்டமாக நிற்கும். மழையில் இலைகள் நட்சத்திரமாய் விரியும். வெயில் ஏறினால் சுருண்டு தண்டோடு ஒட்டிக்கொள்ளும். தொட்டால் விறைப்பாக இருக்கும். பத்து மடங்கு லென்ஸில் இலையின் மேற்பக்கம் நீளவாக்கில் வரப்பு கட்டியதுபோல் தெரியும். காம்பின் நுனியில் வித்துப்பை, அதாவது விதையல்ல, தூள்போன்ற ஸ்போர்கள் நிறைந்த பை. இளசாக இருக்கையில் அதற்கு மயிரடர்ந்த தொப்பி உண்டு. அந்தத் தொப்பியை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லிவிடக் கூடாது, பாலிட்ரைக்கம் என்ற இன்னொரு மாஸுக்கும் அதே தொப்பிதான். தொப்பி விழுந்தபின் பையைப் பாருங்கள்: பாலிட்ரைக்கத்தில் கோணம் கோணமாக விளிம்பு இருக்கும், போகோநேட்டத்தில் வழுவழுவென்று உருண்டிருக்கும். போகோநேட்டத்திலேயே எந்தச் சிற்றினம் என்று தெரிய வேண்டுமென்றால் இலையைக் குறுக்கே சீவி, அந்த வரப்புகளின் உச்சிச் செல் எப்படி இருக்கிறது என்று நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும்.

கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இருந்த இயேசு சபைத் துறவி ஃபோரோ, மாஸ்களை இனங்காணும் இந்த வேலையில் ஆயுளைக் கழித்தவர். அவருடைய பழனி மலை மாஸ் பட்டியல் 1961இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வந்தது. நம் ஊரிலேயே இத்தனை நடந்திருக்கும்போது பாசி என்று எழுதி நகர்ந்துவிடலாமா?

அடுத்த இதழில் படக்குறிப்பைத் திருத்திவிடுங்கள். புகைப்படக்காரரிடமும் சொல்லுங்கள்: நனைந்த இலை ஒன்று, காய்ந்தது ஒன்று, வித்துப்பை அருகில் ஒன்று எனப் படங்கள் எடுத்து, மண்ணிலா பாறையிலா பட்டையிலா என்று ஒரு வரி குறித்தால் போதும். பிடுங்க வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் குடிலுக்காக மாஸைச் சாக்கில் உரித்துப்போன மண்சுவர் ஒன்று எங்கள் தெருமுனையில் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
கொடைக்கானல்