ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு போன்

தண்டையார்பேட்டை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் நாலு வரி தட்டிவிடுகிற ஆள், கையால் நாலு பக்கம் எழுதியிருக்கிறாயே, அதிலேயே தெரிந்தது நீ எந்த நிலைமையில் இருக்கிறாய் என்று. பதிலும் கையால்தான் எழுத வேண்டும் என்று இன்றைக்கு வரை தள்ளிப்போட்டேன். என் கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாதே.

முதலில் ஊர்க்கதை. அம்மாவுக்கு முட்டி வலி குறையவில்லை. ஆனாலும் மாடி ஏறி வடகம் காயவைப்பதை விடமாட்டேன் என்கிறாள். மெட்ரோ 2021-இல் விம்கோ நகர் வரைக்கும் வந்ததிலிருந்து நம்ம தெருவில் வாடகை ஏறிவிட்டது. நம்ம கேரம் கிளப் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஆனால் பக்கத்து சந்தில் புதிதாக ஒரு கேரம் போர்டு போட்டிருக்கிறார்கள், பாதிக்குப் பாதி பொண்ணுங்க. புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ டிரைவர் மகள் காசிமா 2024-இல் அமெரிக்கா போய் உலகக்கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த பிறகு, பிள்ளைகளைக் கேரம் ஆடவிட்டால் உருப்படாமல் போகும் என்று பேசிய பெரிசுகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். உங்கப்பா இருந்திருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நாற்பது பேருக்கு இன்சார்ஜாக இருந்தவனை, ஒரு லோடு ரிஜெக்ட் ஆனதும் ஸ்டோர்ஸில் தனியாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். நீ வேலை கற்றுக்கொடுத்த பையன் உன் இடத்தில். "இனிமேல் நாலு பேரை வைத்து வேலை வாங்க எனக்குத் தகுதி இருக்கா?" என்று கேட்டிருக்கிறாய். உனக்கு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாதுடா. எனக்கு இல்லாமல் இருந்த கதையை மட்டும் சொல்கிறேன். இதுவரை உனக்குக்கூட முழுசாகச் சொன்னதில்லை.

திருவொற்றியூர் பக்கம் நான் இருந்த கண்டெய்னர் யார்டு உனக்குத் தெரியும். 2016-இல் நான் அங்கே ராத்திரி ஷிஃப்ட்டுக்கு இன்சார்ஜ். சரக்கு ஏற்றி முடித்ததும் கண்டெய்னர் கதவில் சீல் அடிப்பார்கள். டாலி கிளார்க் டார்ச் அடித்துப் பார்த்து, பெட்டி நம்பரையும் சீல் நம்பரையும் எழுதுவான். பெட்டி நம்பர் நாலு எழுத்து, ஏழு இலக்கம். அதில் கடைசி இலக்கம் மற்றதையெல்லாம் கணக்குப் போட்டு வருவது. நடுவில் ஒன்றைத் தப்பாக எழுதினால் கம்ப்யூட்டரே காட்டிக்கொடுத்துவிடும். நாங்கள் அடித்த சீலுக்கு அந்த வசதி கிடையாது. எழுதினவன் எழுதினதுதான்.

ஒரு மழை ராத்திரி, இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருத்தன் மூன்றை எட்டு என்று எழுதிவிட்டான். வண்டி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசையில் போய் நின்றது. அந்த ரோட்டில் ட்ரெய்லர் வரிசை எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். டிரைவர் வண்டிக்கு அடியிலேயே ஸ்டவ் வைத்துச் சோறு பொங்குவான். பதினாலு மணி நேரம் கழித்துத் துறைமுக கேட்டுக்குப் போனால், காகிதத்தில் ஒரு நம்பர், கதவில் ஒரு நம்பர். பெட்டியை ஓரம் கட்டிவிட்டார்கள். கப்பல் போய்விட்டது.

பார்ட்டி எங்கள் மேனேஜரைக் கத்த, மேனேஜர் என்னைக் கத்த, நான் ரிப்போர்ட்டில் ஒரே வரி எழுதினேன்: "டாலி கிளார்க்கின் கவனக்குறைவு." அந்த மாசச் சம்பளத்தோடு பையனை அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் ஒருநாள் கிரேன் ஓட்டுகிற அண்ணன் டீ குடித்துக்கொண்டே சொன்னார். "அந்தப் பையன் அன்னிக்கு ராத்திரியே என்னாண்ட வந்தான் சார். மூணா எட்டான்னு டவுட்டா கீதுண்ணான்னான். உங்களுக்கு போன் போடச் சொன்னேன். வேணாண்ணா, போன வாரம் எல்லார் எதிர்லயும் அந்த அண்ணனை நிக்க வெச்சு கத்தினாரே, பாத்தல்லன்னுட்டான்."

பதினாலு மணி நேரம் மச்சான். அதில் எந்த மணி நேரத்தில் எனக்கு ஒரு போன் வந்திருந்தாலும், காகிதத்தைத் திருத்தி அனுப்பியிருக்கலாம். விஷயம் தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் வாயை மூட வைத்தவன் நான். இதைக் கேட்டுவிட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்போ அவன் தெரிஞ்சே தப்பு பண்ணியிருக்கான்" என்றேன். கிரேன் அண்ணன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை அவர் என்னிடம் பேசியதில்லை.

நான்கு வருஷம் கழித்து, ஊரடங்கில், என் முறை வந்தது. போனில்தான். நாலு நிமிஷம். பத்தொன்பது வருஷ வேலை. பேசிய பெண்ணுக்கு என் பேரைச் சரியாகச் சொல்லக்கூட வரவில்லை. அப்போதும் எனக்கு அந்தப் பையன் ஞாபகம் வரவில்லை என்பதுதான் நிஜம். "எனக்கே இப்படியா" என்றுதான் குதித்தேன். வீட்டில் எல்லாவற்றுக்கும் கத்தினேன். சட்டினியில் உப்பு, பிள்ளைகளின் ஆன்லைன் கிளாஸ், ஃபேன் சத்தம், எதையும் விடவில்லை. "ஆபீசுல கத்த ஆளில்லேன்னு எங்களை ஸ்டாஃப் ஆக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் மனைவி வியாசர்பாடிக்கு அம்மா வீட்டுக்குப் போனாள். மூன்று வாரம். உன்னிடம் அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேனே, பொய்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. நம்ம துறைமுகம் 1881-இல் கட்டி முடியும் சமயத்தில், நவம்பரில் புயல் வந்து சுவரை அடித்துத் தள்ளிவிட்டது. மறுபடியும் கட்டினார்கள், எப்படி? பழையபடியே, வாசலைக் கிழக்குப் பார்த்தே வைத்து. கடல் அலை நேராக உள்ளே வரும், மணல் சேரும், கப்பல் உள்ளேயும் நிம்மதியாக நிற்க முடியாது. 1904-இல் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற இன்ஜினியர் தலைவராக வந்த பிறகுதான் கிழக்கு வாசலை மூடி வடகிழக்கில் திறந்தார்கள். விழுந்த பிறகு எழுந்துவிட்டோம் என்று பெருமைப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்தக் கிழக்கு வாசல்தான் ஞாபகம் வரும். நானும் வேறு வேலை தேடியபோது பழைய கோபத்தோடேதான் தேடினேன். இரண்டு இடத்தில் இன்டர்வியூவிலேயே சண்டை.

அதே ஸ்பிரிங் காலத்தில்தான் ராமானுஜம் துறைமுக ஆபீசில் கிளார்க். 1912 மார்ச் முதல் தேதி சேர்ந்தார், மாசம் முப்பது ரூபாய். எஃப்.ஏ. பரீட்சையில் திரும்பத் திரும்பத் தோற்று வந்த ஆள். மேதையைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். எனக்கு அதிசயம் அவருக்கு மேலே இருந்த நாராயண ஐயர்தான். கணக்கு எழுத வந்த கிளார்க்கோடு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, சிலேட்டை வைத்துக்கொண்டு ராத்திரியில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். மேலதிகாரி, அவரே கணிதம் படித்தவர், எனக்குப் புரியவில்லை, மெதுவாகச் சொல் என்று கீழே இருப்பவனிடம் கேட்க மனசு வர வேண்டுமே. ராஜாஜி சாலை வழியாகப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், என் யார்டில் ராமானுஜம் டாலி எழுதியிருந்தால் நான் முதல் வாரமே மெமோ கொடுத்திருப்பேன்.

வேலை கிடைத்தது காசிமேட்டில், 2020 கடைசியில். ஒரு படகு முதலாளிக்குக் கணக்கு எழுதுகிற வேலை. விடியற்காலை மூன்று மணிக்குப் போக வேண்டும். ஐஸ் தண்ணியில் செருப்பு ஊறி, வீட்டுக்கு வந்தால் பூனைகள் பின்னால் வரும். அந்த முதலாளியிடம் மூன்று விசைப்படகு. அதில் ஒரு படகின் டிரைவரைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். அறுபதைத் தொடுகிற வயசு, படிப்பு கிடையாது. மீன் நிறைய வந்த அன்றைக்கு அவர் படகிலேயே இருப்பார். பசங்கள்தான் முதலில் குதித்து இறங்கி, கூடையைத் தூக்கிக்கொண்டு கத்துவார்கள். ஏலம் விடுகிறவரிடம் அவர்களே பேசுவார்கள். ஒரு வாரம் கடலில் கிடந்து டீசல் காசுக்குக்கூட வராமல் திரும்பிய அன்றைக்கு, கயிறு கட்டும் முன்னாலேயே அவர் இறங்கிவிடுவார். தனியாக நடந்து முதலாளியிடம் வந்து, "நான் சொன்ன பக்கம் மீன் இல்ல" என்பார். நான் சொன்ன பக்கம். இந்த மூன்று வார்த்தையை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! பசங்கள் பின்னால் வலையைச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள், முதலாளி அவர்கள் பக்கம் திரும்பக்கூட மாட்டார்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், அறுபத்தொரு நாள் படகு போகாது. வலை தைக்கும்போது ஒருநாள் அவரிடம் கேட்டேன், பசங்க தப்பு பண்ணினாலும் நீங்களே போய்ச் சொல்றீங்களே, அவனுங்களுக்குப் பயம் விட்டுப்போகாதா என்று. அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "கடல்ல ராத்திரி ஓட்டைல தண்ணி ஏறுதுன்னா மொதல்ல பாக்கறவன் அவன்தான் சார். எங்கிட்ட சொல்ல பயந்தான்னா நானும்தான சாவணும்?" என்றார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு திரும்பவும் தைக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அப்போதுதான் அந்தப் பையன் ஞாபகத்துக்கு வந்தான், ஐந்து வருஷம் கழித்து.

இப்போது மண்ணடியில் ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறேன், ஒன்பது ட்ரெய்லர். பெரிய மாற்றம் ஒன்றும் செய்துவிடவில்லை. கோபம் அப்படியேதான் இருக்கிறது, மாத்திரை போடுகிறேன். இரண்டே பழக்கம். காலையில் டிரைவர்கள் வந்ததும், முந்தின நாள் நான் எங்கே சொதப்பினேன் என்று முதலில் நான் சொல்லிவிடுவேன். முதல் வாரம் அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள், ஆளுக்கு ஏதோ ஆயிடுச்சு என்று. இரண்டாவது, சந்தேகம் என்றால் ராத்திரி எத்தனை மணிக்கும் போன் செய்யலாம்.

மூன்று மாசம் யாரும் செய்யவில்லை. அப்புறம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு, சேர்ந்து இரண்டு மாசமே ஆன டிரைவர் பையன். "சார், சீல் நம்பர் சரியாத் தெரில சார்." பைக்கை எடுத்துக்கொண்டு மாதவரம் போனேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். நம்பர் சரியாகத்தான் இருந்தது. மச்சான், அந்த நொடியில் தொண்டை வரைக்கும் வந்தது பார், இதுக்காடா எழுப்பினே என்று. விழுங்கிவிட்டேன். சிரமப்பட்டுத்தான். "வா, டீ குடிக்கலாம்" என்று கூட்டிப்போனேன். பத்து நாள் கழித்து அவனே திரும்பப் போன் பண்ணினான், பிரேக் பிடிக்கும்போது சத்தம் வேறு மாதிரி வருகிறது என்று. வண்டியை நிறுத்தச் சொன்னேன். மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, இதோடு மீஞ்சூர் தாண்டியிருக்க மாட்டான் என்றார். முதல் தடவை திட்டியிருந்தால் இரண்டாவது போன் வந்திருக்குமா சொல்லு.

போன மாசம் டோல்கேட் மெட்ரோ ஸ்டேஷன் படியில் அந்த டாலி பையனைப் பார்த்தேன். பையன் என்ன, முன்பக்கம் வழுக்கை விழுந்துவிட்டது. கையில் குழந்தை. அவன்தான் முதலில் வணக்கம் வைத்தான். நான் தடுமாறி, அன்னிக்கு என் மேலதாம்ப்பா தப்பு, ரிப்போர்ட்டில் நான் எழுதினது பொய் என்றேன். சிரித்தான். "வுடு சார், பழைய கதை" என்றான். குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, "அந்த சீல் நம்பர் இன்னும் மறக்கல சார்" என்று ஆறு இலக்கத்தையும் கடகடவென்று சொன்னான். மூன்று வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னான். அப்புறம் ட்ரெயின் வந்துவிட்டது, போய்விட்டான். போன் நம்பர் வாங்கத் தோன்றவில்லை எனக்கு.

உனக்கு அறிவுரை சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த லோடு கெட்டுப்போனது மெஷினில் நின்ற ஆளுக்கு முன்னாலேயே தெரியுமா? தெரிந்திருந்தால் ஏன் உன்னிடம் வரவில்லை? ஸ்டோர்ஸில்தான் உனக்கு இப்போது நேரம் இருக்கிறதே, கேன்டீனில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேள். அவன் சொல்வது உனக்குப் பிடிக்காமல் போகலாம். எனக்குப் பிடிக்கவில்லை, கேட்டு நாலு வருஷம் வீணாக்கினேன். உன் இடத்தில் இருக்கும் பையன் ஏதாவது கேட்டு வந்தால் தெரிந்ததைச் சொல்லிக்கொடு, முறைக்காதே.

பொங்கலுக்குக் குடும்பத்தோடு வா. போர்டு என் வீட்டிலேயே இருக்கிறது, பவுடர் மட்டும் வாங்க வேண்டும். சிவப்பைப் போட்டுவிட்டு ஃபாலோ போடாமல் எழுந்து குதிக்கிற பழக்கம் உனக்கு இன்னும் போகவில்லை என்று உன் மகள் போனில் சொன்னாள்.

அம்மா விசாரித்தாள். வடகம் ஒரு டப்பா எடுத்து வைத்திருக்கிறாள்.

உன்,
பழைய பார்ட்னர்