பழைய வெப்லி ரிவால்வர்களை ஏலம் விடுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஏல நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் பட்டியல்களில் வெப்லி மார்க் 6 ரிவால்வர் அடிக்கடி ‘புதுப்பிக்கப்பட்டது, பளபளப்பானது’ என்ற குறிப்போடு வருகிறது. அதைப் பார்த்ததுமே நாங்கள் விலையைக் குறைத்துத்தான் கேட்போம்.

1915-இல் பிரிட்டிஷ் படைக்கு வந்த அந்த .455 அங்குலத் தோட்டா ரிவால்வரின் கருநீலம் மேலே பூசிய சாயம் அல்ல, உருக்கின் மேல்தோலே ஆக்ஸைடாக மாறியது. மெருகேற்றும் பஃப் சக்கரத்தில் பிடித்தால் நொடியில் போய்விடும். கூடவே விளிம்புகள் மழுங்கும், பிரிட்டிஷ் அரசு உடைமை என்று காட்டும் அம்பு முத்திரையும், சுட்டுச் சோதித்ததைக் காட்டும் சோதனை முத்திரைகளும் மங்கும், திருகுத் துளைகளின் வாய் தேய்ந்து கிண்ணம்போல் அகலும். அதன்மேல் எத்தனை முறை நீலம் ஏற்றினாலும் அந்தக் கிண்ணம் காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் பட்டறைக்காரரிடம் சொல்லுங்கள்: முதலில் ஆறு அறைகளும் காலியா என்று பார்க்கட்டும். திருகுகளின் பிளவு மெல்லியது. ஆப்புபோல் சரிந்த முனையுள்ள திருப்புளி அதைக் கடித்துவிடும், பக்கங்கள் இணையாகத் தேய்த்த முனை வேண்டும். வல்கனைட் (கடின ரப்பர்) கைப்பிடிகளைக் கழற்றித் தனியே வைக்கட்டும், வெந்நீர் அவற்றுக்கு ஆகாது. பிறகு எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, செந்துரு பிடித்த பாகங்களைக் காய்ச்சி வடித்த நீரில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டால் துரு கறுப்பாக மாறும். மென்மையான கம்பித் தூரிகையால் லேசாகத் தேய்த்தால் உதிரும், பழைய நீலம் பெரும்பாலும் தங்கும். குழாய்த் தண்ணீர் என்றால் உப்புத் திட்டு படியும். வினிகரும் கோலாவும் துருவோடு நீலத்தையும் தின்றுவிடும். அதில் ஊறப்போடுபவர்களை என்ன சொல்வது! ஈரம் போகக் காயவைத்து, எண்ணெய் தடவினால் போதும். தோலுறையில் மட்டும் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம்விட அவசரமான விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்காவுக்குப் போன பல மார்க் 6-களில், .45 ஆட்டோ தோட்டாவைப் பிறை வடிவக் கிளிப்பில் பொருத்துவதற்காகச் சிலிண்டரின் பின்முகத்தைச் சீவியிருக்கிறார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் 21,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரை போகும்; இந்த ரிவால்வருக்கே உரிய .455 தோட்டாவின் அழுத்தம் ஏறத்தாழ அதில் மூன்றில் இரண்டு பங்குதான். தொடர்ந்து சுட்டால், துப்பாக்கியை மடித்துத் திறக்கும் கீலும் அதை மூடிப் பிடிக்கும் மேல்தாழும் ஆட்டம் காணும், சிலிண்டரே வெடிக்கவும் கூடும். வாங்குபவர் இதைப் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

ஆகவே ஒவ்வொரு துப்பாக்கிக்கும் சிலிண்டரின் பின்முகம், முத்திரைகள், திருகுத் தலைகள் மூன்றையும் கிட்டத்தில் படமெடுத்துப் போடுங்கள். சீவியிருந்தால் ‘சீவியது’ என்று தலைப்பிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
பழைய ரிவால்வர் சேகரிப்போர் சிலர்