தோற்ற நாளுக்கும் ஒரு பாடவேளை: பள்ளிக்கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்குச் சிறார் திரைப்பட விழா நடத்தி வருகிறீர்கள். படம் போடுகிறோம், முடிந்ததும் பிள்ளைகளைப் பேச வைக்கிறோம். துறை கொண்டுவந்த திட்டங்களில் பிள்ளைகள் தாங்களாகவே எதிர்பார்த்துக் காத்திருப்பது இதுதான். அந்த வேளையில் ஜப்பானிய அனிமே, அதாவது அந்நாட்டு அனிமேஷன் தொடர்களின் சில பகுதிகளையும் காட்ட அனுமதியுங்கள். அப்படியே, உயர் தொழில்நுட்ப ஆய்வகத்துக் கணினிகளில் தேர்ந்தெடுத்த ஒன்றிரண்டு வீடியோ கேம்களை, பெரியவர் ஒருவர் கூட இருக்க, விளையாட விடுங்கள்.

பெற்றோர் கூட்டத்தில் "மொபைலைக் கையில் கொடுக்காதீர்கள்" என்று பேசுகிற வாத்தியார் கூட்டத்தில் நானும் ஒருவன்தான். அதை இன்றும் சொல்வேன். ஆனால் என் வகுப்பில் பாதிப் பேர் பெஞ்சில் காம்பஸால் நருட்டோ என்ற அனிமே நாயகனின் இலைச் சின்னத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நாம் அழைத்து வந்து காட்ட வேண்டிய உலகம் இல்லை இது. அவர்கள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார்கள், துணைக்குப் பெரியவர்கள் யாரும் இல்லாமல்.

எதைக் காட்டலாம் என்று கேட்பீர்கள். என் முதல் தேர்வு 'ஹைக்யூ'. வாலிபால் கதை. நம் ஊர்களில் வலை கட்டாத திடல் குறைவு என்பதால் விளையாட்டை விளக்கத் தேவையில்லை. 2014-இல் வந்த முதல் பருவத்தின் கடைசியில், கராசுனோ என்ற பள்ளி அணி தோற்றுப்போகிறது. கடைசிப் பந்தை அடித்தவன் ஹினாதா, அணியின் குட்டையான பையன்களில் ஒருவன். எதிரணி அவனை முன்கூட்டியே கணித்து, வலைக்கு மேலேயே தடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு வருகிற காட்சிக்காகத்தான் இதைச் சொல்கிறேன். பயிற்சியாளர் உகாய் யாரையும் திட்டுவதில்லை, "பரவாயில்லை, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று தட்டிக்கொடுப்பதும் இல்லை. பையன்களை ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போய் உட்கார வைக்கிறார். ஓடிக் குதித்ததில் தசை நார்கள் கிழிந்திருக்கும், சாப்பிட்டால்தான் அது முன்பைவிட வலுவாகச் சேரும், சாப்பிடுங்கள் என்கிறார். சோற்றை அள்ளி வாயில் போட்டபடியே ஒவ்வொருவனாக அழ ஆரம்பிக்கிறான். அழுகிறார்கள், சாப்பாட்டையும் நிறுத்துவதில்லை. அவ்வளவுதான் காட்சி.

பிளஸ் டூ முடிவு வருகிற நாளில் நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகளுக்கு இப்படி ஒரு சாப்பாடு கிடைக்கிறது? முடிவு பார்த்த பிறகு அடுப்பு மூட்டாத வீடுகளை எனக்குத் தெரியும். 2017-இல் ரேங்க் அறிவிப்பை ஒழித்தீர்கள், நல்ல காரியம். உடனடித் துணைத் தேர்வு வைக்கிறீர்கள், அதுவும் நல்லது. ஆனால் தோற்ற அன்றைக்கும் துணைத் தேர்வுக்கும் நடுவே கிடக்கிற நாட்களை ஒரு பிள்ளை எப்படிக் கடப்பது என்பதற்கு நம்மிடம் பாடம் ஏதும் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். தேர்வு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன்; வீடு, வறுமை, சாதி, காதல் என்று பலதும் இருக்கும். இருந்தாலும் தோல்வியைத் தாங்குவதற்குப் பழக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம் என்பதில் சந்தேகம் இல்லை.

கேம்களின் பலமே அங்கேதான் இருக்கிறது. புத்தகம் தோல்வியைப் பற்றிச் சொல்லும், கேம் ஆளையே தோற்க வைக்கும். 2018-இல் வந்த 'செலஸ்ட்' என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். மேடலின் என்ற பெண் ஒரு மலையில் ஏறுகிறாள், கதை அவ்வளவுதான். ஆடுபவர் நூற்றுக்கணக்கான முறை விழுந்து சாவார். செத்த நொடியிலேயே அந்தக் கட்டத்தின் தொடக்கத்தில் திரும்ப எழுந்து நிற்பார், அபராதம் எதுவும் கிடையாது. எத்தனை முறை விழுந்தீர்கள் என்று கேம் கணக்கு வைக்கிறது. அதை நினைத்துப் பெருமைப்படுங்கள், விழ விழக் கற்றுக்கொள்கிறீர்கள் என்றும் சொல்கிறது. மிகவும் கஷ்டமாக இருந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ள ஒரு வசதி உண்டு. அதைப் பயன்படுத்துகிறவரைக் கேலி செய்கிற ஒரு வரிகூட அதில் இல்லை. துணைத் தேர்வு எழுதுகிற பிள்ளையை நாம் இப்படி நடத்துகிறோமா என்று யோசித்துப் பாருங்கள்.

நடுவழியில் கம்பிவட வண்டி நின்றுபோக, மேடலினுக்குப் பதற்றம் மூச்சை அடைக்கிறது. ஓர் இறகு காற்றில் மிதப்பதாக நினைத்துக்கொண்டு மூச்சைச் சீராக விடச் சொல்லித் தருகிறான் கூட வந்த நண்பன். ஆடுபவரும் பொத்தானை அழுத்தியும் விட்டும் அந்த இறகைக் கீழே விழாமல் வைத்திருக்க வேண்டும். விளையாடியபடியே மூச்சுப் பயிற்சி நடந்துவிடுகிறது. பிற்பாடு இன்னொரு நெருக்கடியில் அதே இறகைக் கொண்டு சமாளிக்கப் பார்க்கிறாள், பலிக்கவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. மூச்சுப் பயிற்சி செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம் பயிற்சி வகுப்புகளில்கூடச் சொல்கிறோம். தன்னைத் தாழ்த்தியே பேசிக்கொண்டிருக்கும் தன் இருண்ட பாதியோடு உட்கார்ந்து பேசிய பிறகுதான் மேடலினால் மேலே ஏற முடிகிறது. நருட்டோவும் அருவிக்கரையில் தன் வெறுப்பின் உருவத்தை அடித்து வீழ்த்துவதில்லை, கட்டிப்பிடித்துக்கொள்கிறான். பெஞ்சில் இலை செதுக்கிய பையனிடம் கேட்டுப் பாருங்கள், அந்தக் காட்சியை வரி விடாமல் சொல்வான்.

இதெல்லாம் ரசிகனின் பேச்சு, ஆதாரம் எங்கே என்று கேட்டால், நியூசிலாந்தைப் பாருங்கள். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவர் சாலி மெர்ரியின் குழு 'ஸ்பார்க்ஸ்' என்ற கேமை உருவாக்கியது. அதில் ஏழு நிலைகள். "நீ எதற்கும் லாயக்கில்லை" என்பது போன்ற எண்ணங்கள் கொசுக்கூட்டம் மாதிரி மேலே வந்து மொய்க்கும், அவற்றைச் சுட்டு வீழ்த்த வேண்டும். மனச்சோர்வுக்கு மருத்துவர்கள் தரும், எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத்தான் கதையாக்கியிருக்கிறார்கள். மனச்சோர்வுக்கு உதவி தேடி வந்த 12 முதல் 19 வயது வரையிலான 187 பேரிடம் சோதித்து, வழக்கமான ஆலோசனைக்கு அது குறைந்ததல்ல என்று 2012-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். பிறகு நாடு முழுக்க இலவசமாகவே கொடுத்தார்கள். அதற்குப் பின் தெரியவந்ததையும் மறைக்கக் கூடாது: இணையத்தில் தனியாகத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் கடைசி வரை போகவில்லை. அதனால்தான் கூட ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கேமை வாங்கிக் கணினியில் ஏற்றிவிட்டு, "திட்டம் செயல்படுத்தப்பட்டது" என்று துறையின் எமிஸ் இணையதளத்தில் பதிவு போட்டுவிட்டால் ஒன்றும் நடக்காது.

அனிமேக்கும் இது பொருந்தும். நருட்டோவில் ராக் லீ என்ற பையன் வருகிறான். மற்றவர்களுக்கு வருகிற வித்தை எதுவும் அவனுக்கு வராது, உடற்பயிற்சி ஒன்றாலேயே முன்னேறுகிறவன். சண்டையில் கையும் காலும் நொறுங்கி, ஆபத்தான அறுவைச் சிகிச்சைக்குப் பயந்து நிற்கையில், அவன் ஆசிரியர் தேற்றுகிறார். சிகிச்சை பலிக்காவிட்டால் நானும் உன்னோடு சாகிறேன் என்கிறார். கதையில் அது பாசம். பதினான்கு வயதுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் அதைப் பேசாமல் விட்டுவிட்டு மணி அடிக்க முடியாது. தற்கொலை முயற்சியைக் காட்டும் 'எ சைலண்ட் வாய்ஸ்' போன்ற படத்தை ஆலோசகர் இல்லாமல் போடவே கூடாது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள பள்ளிகளில் தகுதியுள்ள ஆலோசகர் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லியிருக்கிறது. அந்த இடங்களை நிரப்புவதுதான் முதல் வேலை. இந்தக் கேம், அனிமே எல்லாம் அவர் கையில் இருக்க வேண்டிய கருவிகள். அவருக்குப் பதிலாக அல்ல.

இன்னொன்று. சுற்றறிக்கைகளில் "ஆன்லைன் கேம்" என்று மொத்தமாக எழுதுவதை நிறுத்துங்கள். பணம் கட்டி ஆடும் ரம்மி போன்றவற்றுக்கு எதிராகத் தமிழ்நாடு சட்டமன்றம் 2022-இலேயே தனி மசோதா நிறைவேற்றிவிட்டது, 2025-இல் ஒன்றிய அரசும் சட்டம் போட்டது. அது வேறு, செலஸ்ட் வேறு. பணம் கட்டாத கேம்களிலும் தினமும் உள்ளே வரச்சொல்லிப் பரிசு காட்டி இழுப்பவை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பரிசுப் பெட்டியைத் திறக்கக் காசு கேட்பவை உண்டு. அவை பள்ளிக்குள் வரவே வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் கேமிங் குறைபாட்டை நோய்ப்பட்டியலில் சேர்த்திருப்பது உண்மை. ஆனால் கட்டுப்பாடு கைவிட்டுப் போய், படிப்பும் உறவும் கெட்டும் நிறுத்த முடியாமல், பொதுவாக 12 மாதமாவது அப்படியே தொடர்ந்தால்தான் அந்தப் பெயர். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஆடுகிறவன் நோயாளி இல்லை, அவனுக்கு வீட்டுப்பாடம் பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான்.

செலவு பெரிதாக இருக்காது. திரையிட உரிமையாளர்களிடம் துறையே மொத்தமாக அனுமதி வாங்கலாம். தமிழ்க் குரல் இல்லாத பகுதிகளுக்கு வசனத்தைப் பிள்ளைகளே எழுதித் தருவார்கள். அரசு மனநல மருத்துவர்களையும் நம் பொறியியல் கல்லூரி மாணவர்களையும் உட்கார வைத்தால், ஸ்பார்க்ஸ் போல ஒன்றைத் தமிழில் செய்யலாம். அதன் கடைசித் திரையில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கட்டும், அதில் தமிழிலேயே பேசலாம். ஒரு மாவட்டத்தில், பத்துப் பள்ளிகளில், ஓராண்டு முயன்று பாருங்கள். எங்கள் பள்ளியைச் சேர்த்துக்கொள்வீர்கள் என்றால் தலைமையாசிரியரிடம் நான் பேசிக்கொள்கிறேன். முதல் திரையிடலை ஜூனில் வைக்காமல், பொதுத்தேர்வுக்கு முந்தைய ஜனவரியில் வைத்தால் நல்லது. முடிவு வருகிற மே மாதத்தில் பள்ளி பூட்டியிருக்கும்.

இப்படிக்கு,
அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர்