அக்காவுக்கு, இரண்டாவது சிடியைப் பற்றி

அக்கா,

அப்பாவின் வருஷத் திதி முடிந்து நீ பொன்னேரிக்குக் கிளம்பிய மறுநாள், பரணிலிருந்து அவருடைய தகரப் பெட்டியை இறக்கினேன். காலாவதியான லைசென்ஸ், துறைமுக நுழைவுச் சீட்டுகள், டீசல் கணக்கு எழுதிய இரண்டு டைரிகள், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அந்த சிடி. அதன்மேல் மார்க்கர் பேனாவால் '2' என்று மட்டும் எழுதியிருந்தது. வாடகைக்கு விட்ட கடையின் ரப்பர் முத்திரை பாதி அழிந்திருந்தது. எந்தப் படத்தின் இரண்டாவது சிடி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தப் படத்தைப் பற்றிய கட்டுரையில் உன்னைப் பற்றி நான் தவறாக எழுதியது ஊர் பார்க்க. திருத்தத்தை மட்டும் காதோடு சொல்வது நியாயமாக இருக்காது. சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் சில இடங்களில் சுற்றி வளைத்தே எழுதுவேன். நீ நேராகப் புரிந்துகொள்வாய்.

மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. 'ஜீப்பர்ஸ் க்ரீப்பர்ஸ்' 2001 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்காவில் வெளியானது. கல்லூரி விடுமுறைக்கு ஒரு பழைய காரில் வீடு திரும்பும் அக்காவும் தம்பியும், அவர்களைத் துரத்தும் துருப்பிடித்த லாரியும், அதை ஓட்டும் மனிதனல்லாத ஒன்றும்தான் கதை. இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வசந்தத்தில், இருபத்து மூன்று நாட்கள் மட்டும் அது மனிதர்களைத் தின்னும். (நாம் அதைப் பார்த்த 2002 மே மாதத்துக்கும் பெட்டியைத் திறந்த இந்த 2025-க்கும் இடையே எத்தனை ஆண்டுகள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, எண்ணியிருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.) சுமார் ஒரு கோடி டாலரில் எடுத்த படம் அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் சம்பாதித்தது. இருந்தும் பார்த்தவர்கள் இன்றுவரை இரண்டு கட்சிதான். லாரி துரத்துவதும் குழாய்க்குள் எட்டிப் பார்ப்பதுமாகச் செல்லும் முன்பாதியைத் திட்டுபவர்கள் அரிது. பூதம் முகத்தைக் காட்டிச் சிறகு விரித்த பிறகு படம் படுத்துவிட்டது என்பார்கள் ஒரு சாரார், அந்தப் பூதத்துக்காகத்தான் படத்தையே பார்க்கிறோம் என்பார்கள் மறு சாரார்.

முதல் கட்சியின் வாதத்தைத் தமிழில் விரிவாக எழுதியவன் என்று என்னைச் சிலர் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டைத்தான் இன்று உன்னிடம் திருப்பித் தர வேண்டியிருக்கிறது.

அன்று இரவு அம்மா தூங்கிவிட்டதால் ஒலியைக் குறைத்து வைத்திருந்தோம். வசனம் எதுவும் எனக்குப் புரியவில்லை, புரிந்ததெல்லாம் உன் வழியாகத்தான். நீ பிளஸ் டூ எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாய். நான் ஏழாம் வகுப்பு முடித்திருந்தேன். லாரியின் எண் பலகையில் இருந்த ஆங்கில எழுத்துகளை, அந்தப் படத்தின் அக்காவும் தம்பியும் முதலில் 'உன்னை முந்துகிறேன்' என்று படித்ததையும், அது 'உன்னைத் தின்பேன்' என்று பிறகு விளங்குவதையும் நீதான் சொன்னாய். சொல்லிவிட்டு, "எழுத்து ஒண்ணுதான்டா, எங்க பிரிக்கறோம்னு இருக்கு" என்றாய். பதினேழு வயதில் உனக்கு அது தோன்றியது. எனக்கு இன்னும் அப்படி எதுவும் தோன்றுவதில்லை.

இடையில் அப்பா வந்தார். சட்டையைக் கழற்றாமலேயே கதவோரம் நின்று ஐந்து நிமிடம் பார்த்தார். காரின் பின்னால் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடிக்கும் அந்த லாரியைப் பார்த்து அவருக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "லோடு இல்லாத வண்டி. அதான் இந்த ஆட்டம்" என்றார். பிறகு, அவ்வளவு நீளமான ரோட்டில் ஒரு டீக்கடைகூட இல்லையே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். ஃப்ளோரிடாவின் ஆளில்லாத சாலை அது. அங்கே தனிமைதான் பயம். நம் பக்கத்திலோ எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குக் காத்துக் கிடக்கும் டிரைலர்களின் வரிசை விடியும்வரை தீராது. ராத்திரி ரோட்டில் பேய் கிடையாது, தூக்கம் ஒன்றுதான் உண்டு என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார். இந்தப் படத்தைப் பற்றி நான் படித்த எத்தனையோ கருத்துகளில் இதற்கு இணையாக ஒன்று இல்லை. எழுதும்போது அதையும் நான் விட்டுவிட்டேன். டிரைலர் ஓட்டும் அப்பாவின் பேச்சை விமர்சனத்தில் சேர்க்க அப்போது கூச்சமாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு குழாய்க் காட்சி.

கைவிட்ட தேவாலயத்தின் பக்கவாட்டில் தரையிலிருந்து நிற்கும் அகலமான இரும்புக் குழாய். துணியில் சுற்றிய எதையோ அதற்குள் போட்டதைப் பார்த்துவிட்டுத் தம்பி திரும்பிப் போக வேண்டும் என்கிறான். உள்ளே தலையை விட்டு அவன் தொங்க, அக்கா அவன் கால்களைப் பிடித்துக்கொள்கிறாள். எலிகள் வருகின்றன. அவன் நழுவுகிறான். நான் பாயில் குப்புறப் படுத்துக் கன்னத்துக்குக் கை கொடுத்திருந்தேன், நீ என் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தாய். அந்த இடத்தில் என் இடது கணுக்காலை உன் கை பற்றியது. பயத்தில் தொட்ட கை போல இல்லை. கிணற்றில் வாளிக்கயிறு நழுவும்போது பிடிப்போமே, அப்படி. நகம் பதிந்து வலித்தது, சொல்லவில்லை. வெளியே ஒரு டிரைலர் நகர்ந்து ஏர் பிரேக் சீறியது. அவன் குழாய்க்குள் விழுந்து, எழுந்து, சுவர் முழுக்க ஒட்டியிருந்த பிணங்களைப் பார்த்து, எப்படியோ வெளியே வந்து காரில் உட்கார்ந்து வெறித்துக்கொண்டிருக்கும் வரைக்கும் நீ விடவில்லை. முதல் சிடி முடிந்து திரை நீலமானதும்தான் விட்டாய். நாலு நகக்குறிகள் இருந்தன. உனக்குக் காட்டாமல் போர்வைக்குள் காலை இழுத்துக்கொண்டேன்.

அந்தத் தம்பி ஏன் திரும்பிப் போகிறான் என்பதுதான் இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அதிகம் சண்டை போடும் இடம். முட்டாள்தனம், கதைக்காகச் செய்த திணிப்பு என்பார்கள். படத்தில் அந்த அக்காவே அதை முன்கூட்டிச் சொல்லித் திட்டுகிறாள். இது இயக்குநரின் சாமர்த்தியம், பார்வையாளரின் புகாரைப் பாத்திரத்தின் வாயில் வைத்துவிட்டார் என்று நான் எழுதினேன். நீயோ அன்று வேறொன்று சொன்னாய்: "அவ வேணாம்னு சொல்றா. சொல்லிட்டு அவளேதான் காலப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்." இதை நான் எழுதவில்லை. எனக்குப் புரியவில்லை என்பதுதான் காரணம். புரிந்திருந்தால் திருடியிருப்பேன்.

ஏனென்றால் புரிந்ததைத் திருடினேன். இரண்டாவது சிடி ஓடிய கொஞ்ச நேரத்தில், "இது வேற படம்டா. தெரியாத வரைக்கும்தான் பயம், ரெக்கை வந்துட்டா சர்க்கஸு" என்றாய். என் கட்டுரையின் முதுகெலும்பே அந்த ஒரு வாக்கியம்தான். அகஸ்தியா தியேட்டரில் பேய்ப்படம் பார்த்துக் கைதட்டிச் சிரித்த நம் கூட்டத்தையெல்லாம் உதாரணத்துக்கு இழுத்துப் பத்துப் பத்தி எழுதியவன், அந்த வாக்கியம் யாருடையது என்று ஒரு வரி எழுதவில்லை. வீட்டுக்குள் பேசிக்கொள்வதற்கெல்லாம் யார் உரிமை கொண்டாடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தில் இப்போதும் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. நீயும் எழுதியிருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. இல்லை, அந்தக் கடைசி வரி பொய். தடுத்தது எது என்று நம் இருவருக்கும் தெரியும். அந்த ஜூன் மாதம் நம் வீட்டில் யாருடைய படிப்புக்குப் பணம் ஒதுக்கப்பட்டது, யார் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வேலைக்குப் போனது என்பதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுதமாட்டேன்.

கட்டுரையைப் படித்துவிட்டு நீ ஒரே ஒரு செய்தி அனுப்பினாய். திருட்டைப் பற்றி அதில் எதுவும் இல்லை. "இந்த டைரக்டரைப் பற்றித் தெரிந்துதான் எழுதினாயா?" என்று மட்டும் கேட்டிருந்தாய். விக்டர் சால்வா தன் படத்தில் நடித்த பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் பாலியல் குற்றம் புரிந்து, 1988-இல் அதை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர். மூன்றாண்டுத் தண்டனையில் பதினைந்து மாதங்கள் சிறையில் இருந்துவிட்டு வந்து மீண்டும் படம் எடுத்தவர். எனக்குத் தெரியும், அக்கா. தெரிந்துதான் எழுதினேன். உனக்குப் பதில் அனுப்பாமல், இரண்டாவதாக ஒரு கட்டுரை எழுதி, படைப்பு வேறு படைப்பாளி வேறு என்று வாதாடி, 'எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார், படத்தைப் பார்க்காமல் நடத்தைச் சான்றிதழ் பார்க்கிறார்' என்று கேலியாக முடித்தேன். பெயர் போடவில்லைதான். ஆனால் சிரித்தவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள்.

அந்த வாதம் முழுக்கத் தவறு என்று இப்போதும் சொல்லமாட்டேன். நடிகர்களும் ஒளிப்பதிவாளரும் அந்தத் துருப்பிடித்த வண்டியை ஓட்டியவரும் உழைத்த படம் ஒருவருடைய குற்றத்தோடு மொத்தமாகப் புதைய வேண்டுமா என்ற கேள்வி உண்மையானது. ஆனால் போன வாரம் மறுபடி பார்த்தபோது, பூதம் காரில் கிடந்த தம்பியின் அழுக்குத் துணிகளை எடுத்து முகர்ந்ததாக உணவகத்தில் ஒருவர் சொல்லும் இடம் வந்தது. அன்று நான் அதற்குச் சிரித்தேன், நீயும் சிரித்தாய். இப்போது படத்தை நிறுத்திவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன். தெரிந்துகொண்ட பிறகு அந்தக் காட்சியைத் தனியாகப் பிரிக்க முடியவில்லை. நீ படத்தைப் பார்க்காமல் பேசவில்லை, என்னைவிடக் கூர்ந்து பார்த்துவிட்டுப் பேசினாய். அந்தச் சிறுவனுக்கு வயது பன்னிரண்டு என்று எனக்குத் தெரிந்திருந்தது. பாயில் உன் முன்னால் படுத்திருந்தவனுக்கும் அதே வயது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன், கேலிக்கு மட்டுமல்ல.

இனி என் பங்குக்கான கோபம். அன்று கடைசிக் கால்மணி நேரத்தில், தட்டு சிக்கிக்கொண்டது என்று சொல்லி சிடியை வெளியே எடுத்துவிட்டாய். போலீஸ் நிலையத்தில் எல்லோருமாகச் சுட்டு, தம்பி பிழைத்து, இருவரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று முடிவையும் சொன்னாய். பள்ளி திறந்ததும் அதை அப்படியே வகுப்பில் ஒப்பித்தேன். ஒரிஜினலைப் பார்த்திருந்த ஒருவன் என்னைப் 'போலீஸ் கதை' என்று கூப்பிட ஆரம்பித்து, பத்தாம் வகுப்பு வரை அந்தப் பெயர் போகவில்லை. உண்மையான முடிவைக் கல்லூரி விடுதியில், நாலு பேர் நடுவில் உட்கார்ந்து பார்த்தேன். எதை நான் பார்க்கலாம், எது எனக்குத் தாங்காது என்று நீ முடிவு செய்துகொண்டே இருந்தாய். அப்பாவின் ஸ்கேன் முடிவு வந்த அன்றும் அதைத்தான் செய்தாய். மூன்று நாள் எனக்குத் தெரியாமல் வைத்திருந்தாய். அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது, அக்கா.

பெட்டியிலிருந்த சிடியைப் பழைய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. எங்குமே சிக்கவில்லை. பூதம் இருவரையும் மோந்து பார்த்துத் தம்பியைத் தேர்ந்தெடுக்கும் இடமும், அந்த அக்கா அழுதுகொண்டே, அவனை விட்டுவிட்டு என்னை எடுத்துக்கொள் என்று அதனிடம் பேரம் பேசும் இடமும் சுத்தமாக ஓடின. அது அவளைக் கேட்கவில்லை. ஜன்னலை உடைத்துக்கொண்டு அவனோடு பறந்துவிட்டது. சிறகு வந்தால் சர்க்கஸ் என்று சொன்ன நீ, அன்று நான் தூங்கிய பிறகு இதைத் தனியாகப் போட்டுப் பார்த்திருக்கிறாய் என்றுதான் நினைக்கிறேன். பின்பாதி மோசம் என்று நான் எழுதியது உன் பாதிக் கருத்துதானோ? முழுக்கப் பார்த்த பிறகும் அதையே சொல்வாயா? அதை நீ சொல்லவே இல்லை, நானும் கேட்கவே இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சிடி தொலைந்துவிட்டது என்று கடையில் அபராதம் கட்டி, அம்மாவிடம் அதற்காகத் திட்டு வாங்கியது நீ. அது அப்பாவின் பெட்டிக்குள் எப்படிப் போனது? நீ கொடுத்தாயா, அவராக எடுத்து வைத்தாரா?

இரண்டு கட்டுரைகளையும் நேற்று இரவு எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ வரும்போது சிடியைத் தருகிறேன். போட்டுப் பார்க்க வேண்டாம், சொன்னால் போதும். உனக்குப் பிடித்த நெத்திலியைக் காசிமேட்டிலிருந்து காலையிலேயே வாங்கி வைக்கிறேன். சுங்கச்சாவடி மெட்ரோவில் இறங்கிப் போன் செய், வண்டியில் வந்து கூட்டிக்கொள்கிறேன்.

தம்பி