அந்தப் படத்தை வரைந்தவர் பெயர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். "நாஜிக்கள் காலத்தில் அவருடைய ஓவியங்களை முன்னாள் காதலி ஒருவர் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்" என்ற வரி முள்ளாகத் தைத்துவிட்டது. அதே பக்கத்தில், காண்டின்ஸ்கி மேசை முன் அமர்ந்து கையை உயர்த்திப் பேச, ஓவியர் எர்மா பாஸ்ஸி கேட்டுக்கொண்டிருக்கும் படத்தைப் பெரிதாக அச்சிட்டிருக்கிறீர்கள். 1912-இல் அதை வரைந்தவரே அந்தக் 'காதலி ஒருவர்'தான். அவர் பெயர் காப்ரியேலெ மூன்ட்டர். இது தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் படத்தின் கீழே 'தோழியுடன் காண்டின்ஸ்கி' என்று மட்டுமே இருக்கிறது.

ஜெர்மனியின் மியூனிக் ஓவியக் கல்லூரியில் பெண்களுக்கு இடமில்லாத காலம் அது. அதனால்தான் 1902-இல் காண்டின்ஸ்கி கற்பித்த தனியார் பள்ளியில் மூன்ட்டர் சேர்ந்தார். அதற்கு முன்பே அக்காவுடன் அமெரிக்காவில் இரண்டு ஆண்டுகள் சுற்றி, சிறிய கோடக் கேமராவில் நூற்றுக்கணக்கான புகைப்படங்கள் எடுத்தவர். 1909-இல் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், முர்னாவ் என்ற ஊரில் வீடு வாங்கினார். வாங்கியவர் அவர், உடன் தங்கிய காண்டின்ஸ்கியை வைத்து ஊரார் அழைத்ததோ 'ரஷ்யர் வீடு' என்று. அந்த வழக்கத்தைத்தான் தாங்களும் தொடர்கிறீர்கள்.

அந்த ஊரில் கண்ணாடியின் பின்புறம் ஓவியம் வரையும் நாட்டுக் கலையை ஒரு கைவினைஞரிடம் முறையாகக் கற்றார் மூன்ட்டர். தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்களைப் பாட்டி வீட்டுக் கூடத்தில் பார்த்து வளர்ந்த எனக்கு அதன் அருமை தெரியும். கோடுகளையும் கண்ணையும் நகையையும் முதலில் எழுதி, பின்னணியைக் கடைசியில் பூச வேண்டும்; கை தவறினால் திருத்த வழியில்லை. அவருடைய மலைகளிலும் ஏரிகளிலும் கருங்கோட்டுக்குள் வண்ணம் அப்படி அடங்கி நிற்பது அந்தப் பயிற்சியால்தான் என்பது என் துணிபு. அதே 1909-இல் சக ஓவியர் மரியான் வெரெஃப்கினை மஞ்சள் பின்னணியில், பூக்கள் நிறைந்த தொப்பியோடு வரைந்த உருவப்படத்தைப் பாருங்கள். அதை வரைந்தவரை 'காதலி' என்று சொல்லி முடித்துவிட மனம் வருமா?

மணந்துகொள்வதாகச் சொல்லியிருந்த காண்டின்ஸ்கி 1917-இல் மாஸ்கோவில் வேறொரு பெண்ணை மணந்தார். மூன்ட்டரோ, நவீன ஓவியத்தை இழிகலை என்று நாஜிக்கள் வேட்டையாடியபோது, அவருடைய படங்களைத் தன் வீட்டு நிலவறையில் மறைத்துவைத்தார். 1957-இல், தன் 80-ஆவது பிறந்த நாளையொட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை மியூனிக் நகரின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்குக் கொடையாக அளித்தார். 1962-இல் இறக்கும்வரை தானும் வரைந்துகொண்டிருந்தார். காவல் காத்ததற்காக ஒரு வரி ஒதுக்கிய தங்கள் கட்டுரையாளர், வரைந்ததற்கு அரை வரியும் ஒதுக்கவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று தாங்கள் நினைக்கலாம். நான் 31 ஆண்டுகள் ஓவிய ஆசிரியையாக இருந்தவள். ஒரு பள்ளியின் பொன்விழாவுக்கு ஒன்பது மாலைப் பொழுதுகள் தரையில் முட்டிபோட்டு மேடைத் திரை வரைந்தேன். அழைப்பிதழில் 'திரைச்சீலை: கணித ஆசிரியரின் துணைவியார்' என்று அச்சிட்டார்கள். கணவர் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. விழா முடிந்ததும் அந்தத் திரையைச் சமையல் பந்தலுக்கு மறைப்பாகக் கட்டினார்கள். அந்த அழைப்பிதழை இன்றும் வைத்திருக்கிறேன். தங்கள் இதழின் மகளிர் சிறப்பிதழ்களையும் இருபது ஆண்டுகளாக வாங்குகிறேன். கோலமும் கைவேலையும் பக்கம் பக்கமாக வருகின்றன, ஓவியர் என்று ஒரு பெண்ணைக்கூட அவற்றில் பார்த்த நினைவில்லை.

நான் கேட்பது சிறிய திருத்தம்தான். அடுத்த இதழில், சென்ற இதழின் அந்தப் படத்தை வரைந்தவர் காப்ரியேலெ மூன்ட்டர் என்று ஒரு வரி வெளியிடுங்கள். இடம் இருந்தால் அவருடைய முர்னாவ் நிலக்காட்சி ஒன்றையும், தயவுசெய்து வண்ணத்தில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
கும்பகோணம்